கால் மாற்றி இறங்கிய பிராம்பிள்

அத்தியாயம் 17

அம்மா மோயா வீட்டை விட்டுப் போனது நவம்பரில். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் நீவுக்குப் புரிந்திருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் பெட்டிகளைக் காரில் ஏற்றினாள். அப்பா ஃபெர்கலே கனமானதைத் தூக்கிக் கொடுத்தார். "பாலத்துக்கிட்ட வழுக்கும், பாத்துப் போ" என்றார். அவளும் "சரி" என்றாள். இருபத்தைந்து வருஷக் கல்யாணம் அத்தோடு முடிந்தது.

முடிந்தும் முடியாத ஒன்று மட்டும் பாக்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள்.

குதிரைப் போட்டிகள் தொடங்கியதும், யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே, நான்கு பேரும் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு மைதானத்தில் கூடிவிட்டார்கள். ஃபெர்கலும் மகன் டாராவும் லாரியில் குதிரையை ஏற்றிக்கொண்டு வருவார்கள். மோயா, இப்போது தங்கியிருக்கும் கால்வே நகரிலிருந்து தன் காரில் வருவாள். பிடரி மயிரைப் பின்னுவது அவள் வேலை. பயிற்சித் தடைகளை ஏற்றி இறக்குவது ஃபெர்கல் வேலை. குதிரையைத் தேய்த்து, சேணம் பூட்டி, தங்கையைக் கிண்டல் செய்வது டாராவின் வேலை. குதிரை மேல் உட்கார்ந்து தாண்டுவது மட்டும்தான் பதினேழு வயது நீவின் வேலை.

அந்த ஒரு நாள் மட்டும் அவர்கள் ஒரு குடும்பம்.

சென்ற வாரம், அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் போன நீவ், பின்படிக்கட்டில் அவள் யாரிடமோ போனில் பேசியதைக் கேட்டுவிட்டாள். "அபர்டீனுக்கு வர்றதுல எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா சீசன் முடியட்டும். பொண்ணு போட்டியில இருக்கற வரைக்கும் நான் இங்க இருந்தாகணும்."

அபர்டீன், கடல் தாண்டி, ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் இருக்கிறது. நீவ் இதை யாரிடமும் சொல்லவில்லை. வாரம் முழுக்க அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே மாட்டுக்குத் தீனி போட்டாள், பரீட்சைக்குப் படித்தாள், தன் குதிரை பிராம்பிளை ஓட்டினாள்.

இன்று பாலிகல்லன் மைதானத்தில் ஆகஸ்டில் டப்ளினில் நடக்கும் பெரிய குதிரைப் போட்டிக்கான கடைசித் தகுதிப் போட்டி. இங்கிருந்து இரண்டு பேருக்குத்தான் இடம். கிடைத்தால் ஆகஸ்ட் வரை ஞாயிறுகள் உண்டு. கிடைக்காவிட்டால் சீசன் இன்றோடு சரி.

*

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. லாரியின் சரிவுப் பலகையில் உட்கார்ந்து நீவ் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தபோது, மோயாவின் சின்னக் கார் சேற்றில் குலுங்கியபடி வந்து நின்றது.

"வந்துட்டா நம்ம பியூட்டி பார்லர்!" என்றான் டாரா. "அம்மா, எனக்கும் ரெண்டு பின்னல் போட்டுவிடேன்."

"உன் தலையில பின்ற அளவுக்கு முடி எங்கடா இருக்கு? இருபத்திரண்டு வயசுலயே உன் தாத்தா மாதிரி ஆயிட்டே." மோயா ஸ்டூலைப் போட்டு ஏறி, வாயில் ரப்பர் வளையங்களைக் கவ்விக்கொண்டு பின்ன ஆரம்பித்தாள். பிராம்பிள் கண்ணை மூடி நின்றாள். செம்பழுப்பு நிறம், நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு. அவர்கள் வீட்டுக் கொட்டிலிலேயே பிறந்து வளர்ந்தவள். மோயாவின் கை பட்டால் மட்டும் இப்படி நிற்பாள்.

"மோயா, ஃப்ளாஸ்க்கு எங்க?" என்று லாரிக்குள்ளிருந்து ஃபெர்கலின் குரல்.

"உன் கண்ணு முன்னாலதான் இருக்கும். நல்லாத் தேடு."

"இங்க இல்ல."

"பாக்கவே மாட்டே, இல்லைன்னு மட்டும் சொல்லிடுவே."

"சரி, இருக்கு."

நீவ் தலை குனிந்தபடியே சிரித்துக்கொண்டாள். வீட்டில் இப்போதெல்லாம் ஃப்ளாஸ்க்கைத் தேடுகிற குரலே கிடையாது. ஃபெர்கலும் டாராவும் வானொலியைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவாள்.

"ஏன்டி ஒரு மாதிரி இருக்கே?" மோயா ஸ்டூலிலிருந்து குனிந்து கேட்டாள். "ராத்திரி தூங்கினியா?"

"தூங்கினேன்."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

"தூங்கினேம்மா. விடு."

*

பயிற்சிக் களத்தில் மூன்றாவது தாண்டலில்தான் அது தெரிந்தது.

பிராம்பிள் எப்போதும் தாண்டி இறங்கும்போது இடது முன்காலை முன்னால் வீசி ஓடுவாள். குட்டியிலிருந்தே அவள் பழக்கம் அது. ஃபெர்கல் எவ்வளவோ முயன்றும் மாறவில்லை. இன்று வலது காலை வீசி இறங்கினாள். நீவ் திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் தாண்ட வைத்தாள். மறுபடியும் வலது.

பார்க்கிறவர்களுக்கு அதில் எதுவும் தெரியாது. சொல்லப்போனால் அழகாகத்தான் தாண்டினாள். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவளுக்கு, தனக்கு மிக நெருங்கிய ஒருவர் பேச்சின் நடுவே ஒரு வார்த்தையை மட்டும் விழுங்கியது போல இருந்தது.

வேலியோரம் நின்ற தகப்பனிடம் போனாள். "அப்பா, இவ கால் மாத்தி இறங்கறா."

"நல்லதுதானே? இத்தனை வருஷம் கழிச்சுப் பழகிட்டா."

"இல்லப்பா. இடது கால்ல ஏதோ இருக்கு. பாரத்தைப் போட யோசிக்கிறா."

ஃபெர்கல் உடனே டாராவைக் கூப்பிட்டார். அலட்சியம் செய்கிற ஆள் இல்லை அவர். சரளைக்கல் பாதையில் பிராம்பிளை நடக்கவிட்டு, ஓடவிட்டு, திருப்பிப் பார்த்தார்கள். ஃபெர்கல் மண்டியிட்டுக் காலை முழங்காலிலிருந்து குளம்பு வரை தடவினார். சூடு இல்லை, வீக்கம் இல்லை. நொண்டும் குதிரைக்கு ஆடுவதுபோலத் தலையும் ஆடவில்லை. நேர்கோடு போட்டாற்போல ஓடினாள்.

"ஒரு குறையும் இல்ல." எழுந்து முழங்கால் சேற்றைத் தட்டினார். "பயம் உனக்குத்தான், அவளுக்கு இல்ல. டப்ளின்னா எனக்கே பயமா இருக்கு, உனக்கு இருக்காதா? வா, தடைகளை ஒரு தரம் நடந்து பாத்துட்டு வரலாம்."

நீவ் தயங்கி நின்றாள். தேநீர்க் கோப்பையோடு வந்த மோயா, "என்ன? குதிரைக்கு ஏதாவதா?" என்று கேட்டாள்.

மோயாவிடம் சொன்னால் முடிந்தது கதை. 'சந்தேகம்னா இறங்கிடு' என்பாள். அவள் எப்போதுமே அப்படித்தான். சேணத்தைக் கழற்றி, பிராம்பிளை லாரியில் ஏற்றி, மதியத்துக்குள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அம்மா காரில் ஏறிக் கையாட்டுவாள். அடுத்த ஞாயிறு என்று ஒன்று இருக்காது.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் நீவ்.

*

களத்துக்குள் தகப்பனும் மகளும் தடைக்குத் தடை நடந்தார்கள். "இங்க அவளை அவசரப்படுத்தாதே... இந்த நீலத் தடையில முறைச்சுப் பாப்பா, காலை இறுக்கிப் பிடி... இங்க குறுக்கே திரும்பினா நேரம் மிச்சம்." ஃபெர்கல் சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு ஐம்பத்தாறு வயது; இந்த வசந்தத்தில் அறுபதைத் தாண்டியவர்போல ஆகியிருந்தார். இன்று மட்டும் சின்னப் பையன் போல நடந்தார். நடுவில் விசிலடிக்கக்கூடச் செய்தார். நீவ் அதைக் கேட்டு வெகுநாள் ஆகிறது.

அவள் மறுபடி குதிரையேறி, தன் முறைக்காக நுழைவாயிலில் காத்திருந்தபோது திரும்பிப் பார்த்தாள். வேலியோரத்தில் அம்மாவும் அப்பாவும் ஒரே குடைக்குக் கீழே நின்றிருந்தார்கள். ஃபெர்கல் ஏதோ சொன்னார். மோயா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். தேநீர் சிந்திவிட்டது. ஃபெர்கல் தன் சட்டைக் கையாலேயே அவள் கோட்டைத் துடைத்துவிட்டார்.

நீவ் தன் கையுறையைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

வாயில்காவலர் பேக்கிக் கிழவர் காதில் சின்ன வானொலி. "ஏ பொண்ணே, மட்டைப் பந்துல பக்கத்து மாவட்டத்து லிமரிக்குக்காரன் நம்மளைப் போட்டுச் சாத்தறான். நீயாவது நம்ம க்ளேர் மாவட்டத்து மானத்தைக் காப்பாத்து!"

"பாக்கறேன், பேக்கி."

"பாக்கறது இருக்கட்டும், தாண்டு."

மணி அடித்தது. தாண்டினாள்.

ஒரு கம்புகூட விழவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பிராம்பிளின் தோளில் ஒரு சின்னத் தயக்கம் எழுந்து, அடுத்த அடியில் மறைந்தது. கூட்டம் கைதட்டியது. வேலியோரம் ஃபெர்கல் தொப்பியைக் கழற்றி வானத்தை நோக்கி ஆட்டினார். அத்தனை பேர் கண்ணும் அவள் மேல் இருந்தது. அவள் உடம்புக்கடியில் என்ன நடக்கிறது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

*

தவறில்லாமல் முடித்தவர்கள் நான்கு பேர். நேரத்தோடு போட்டி போடும் இரண்டாம் சுற்றில் முதல் இரண்டு பேருக்கு டப்ளின்.

டாரா குதிரையை மெல்ல நடத்திக்கொண்டிருந்தான். லாரியின் மறைவுக்கு வந்ததும் நின்று, குனிந்து, இடது காலைப் பிடித்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. நிமிர்ந்தபோது முகத்தில் வழக்கமான கேலி இல்லை.

"லேசாச் சூடா இருக்கு."

"ஓடினதால இருக்கும்" என்றாள் நீவ்.

"மத்தக் கால் சூடா இல்லையே."

ஒலிபெருக்கியில் யாரோ தொலைந்துபோன நாய்க்குட்டியைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"அம்மாகிட்ட?"

"வேண்டாம்டா. ப்ளீஸ்."

டாரா அவளையே பார்த்தான். ஏன் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். கேட்டிருந்தால் அபர்டீனைப் பற்றிச் சொல்லியிருப்பாள். அவனோ பெருமூச்சு விட்டு, அவள் காலடியில் கையைக் கொடுத்து மேலே தூக்கிவிட்டான்.

"மேல உக்காந்திருக்கறது நீதான் மகாராணி. உனக்குத்தான் தெரியும். உன் முடிவு."

உன் முடிவு. எல்லோரும் அவளுக்காகவே ஓடுகிறார்கள், அவளுக்காகவே பின்னுகிறார்கள், தடை ஏற்றுகிறார்கள். கடைசியில் எல்லாவற்றையும் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார்கள். களத்துக்குள் போகும் அந்தக் குறுகிய வழியில், இதுவரை தெரியாத ஒரு தனிமை அவளைப் பிடித்துக்கொண்டது.

மணி.

முதல் தடை, இரண்டாவது, மூன்றாவது. பறந்தார்கள். இதுதான் பிராம்பிளிடம் சங்கடம்: வலி இருந்தால் ஒதுங்குகிற ஜாதி இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. மற்ற மூவரைவிட வேகம். அப்பா சொன்ன குறுக்குத் திருப்பம் வந்தது. இடது பக்கம் இறுகத் திரும்ப வேண்டும், பிறகு கடைசித் தடைக்கு நீண்ட ஓட்டம்.

நீவ் இடது லகானைத் தொட்டு, இடது காலில் வா என்று கேட்டாள்.

பிராம்பிள் கொடுத்தாள். வலியோடு இடது காலை எட்டிப் போட்டாள். அடியில் ஏதோ நழுவியதுபோல் தோள் தாழ்ந்து, உடனே எழுந்தது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஆனாலும் காதுகளை முன்னால் விறைத்துக்கொண்டு, கடைசித் தடையை நோக்கி இன்னும் வேகமாக ஓடினாள்.

தாண்டிவிடுவாள் என்று நீவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எப்படி இறங்குவாள் என்பதும் தெரிந்தது.

பின்னால் சாய்ந்து லகானை இழுத்தாள். "போதும்டி. போதும். நில்லு."

பிராம்பிள் நம்பாமல் இரண்டு மூன்று அடி குதித்துவிட்டு நின்றாள். நீவ் நடுவர் கூண்டை நோக்கிக் கையை உயர்த்தி வணங்கினாள். விலகிக்கொள்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு இறங்கி, லகானைத் தலைக்கு மேலாக எடுத்து, குதிரையின் பக்கத்தில் நடந்து வெளியே வந்தாள். களத்தின் நடுவிலிருந்து வாயில் வரை அவ்வளவு தூரம் என்று அவளுக்கு இதற்கு முன் தெரியாது. ஒருவரும் கைதட்டவில்லை. என்ன நடந்தது என்றே யாருக்கும் விளங்கவில்லை.

பேக்கி வானொலியைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். "ஒரு கம்புகூட விழலையேம்மா..." என்றார் மெதுவாக.

*

ஃபெர்கல் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எதுக்கு நிறுத்தினே? ஜெயிச்சிருப்பே! ஒரே ஒரு தடை, நீவ்!"

"கால், அப்பா."

"நான்தான் ஓடவிட்டுப் பாத்தேனே!"

"நான் மேல இருந்தேன்ப்பா."

மைதானத்துக் கால்நடை மருத்துவர், உயரமான பெண், ஏற்கெனவே குனிந்து காலைப் பிடித்திருந்தார். விரலால் பின்பக்கத் தசைநாரை அழுத்தியதும் பிராம்பிள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "நார் கிழிய ஆரம்பிச்சிருக்கு. எவ்வளவுன்னு ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்." நிமிர்ந்து நீவைப் பார்த்தார். "அந்தக் கடைசித் தடையைத் தாண்டி இறங்கியிருந்தா, நான் இப்ப வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

"மறுபடியும் தாண்டுவாளா?" என்று டாரா கேட்டான்.

"இந்த வருஷம் இல்ல. அப்புறம்... தெரியல. குளிர்ந்த தண்ணி அடிச்சுக்கிட்டே இருங்க."

ஃபெர்கலின் முகத்திலிருந்து கோபம் வடிந்தது. குதிரையின் கழுத்தில் கை வைத்தார். "நான் பாத்தேனே..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மோயா மட்டும் குதிரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "காலையில கேட்டேனே. ஒண்ணுமில்லன்னு சொன்னே."

நீவ் கையுறையைக் கழற்றினாள்.

"என்கிட்ட ஏன்டி பொய் சொன்னே? உனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. இவளுக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சே முதல் சுத்து ஓட்டியிருக்கே. நீயா இப்படிச் செஞ்சே?"

அந்த 'நீயா'தான் தாங்க முடியவில்லை.

"சொன்னா நிறுத்தச் சொல்லுவே!" நீவின் குரல் உடைந்தது. "நிறுத்தினா சீசன் முடிஞ்சிடும். சீசன் முடிஞ்சா நீ அபர்டீன் போயிடுவே! நீ போன்ல சொன்னதை நான் கேட்டேன்."



"அபர்டீனா?" என்றார் ஃபெர்கல்.

மோயா வாயைத் திறந்தாள். "ஃபெர்கல், நானே உன்கிட்டப் பேசணும்னு..."

"எப்ப?"

"இன்னும் நிச்சயமாகல. சீசன் முடிஞ்சதும்..."

அவர் தலையாட்டினார். நவம்பரில் மோயாவின் கார் கிளம்பியபோது ஆட்டிய அதே தலையாட்டல். பிறகு லாரிச் சாவியை டாராவின் கையில் வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே நடந்து மைதானத்தின் வாயிலைத் தாண்டிச் சாலைக்குப் போய்விட்டார். வீடு அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இல்லை.

நீவுக்கு அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. பிராம்பிளைக் காப்பாற்றிய அதே வாயால் மற்றதை உடைத்துவிட்டாள்.

*

டாராவும் நீவும் பிராம்பிளை லாரியில் ஏற்றினார்கள். மோயா ஸ்டூலில் ஏறி, பின்னல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். பிறகு நீவின் பக்கமாகக் கையை நீட்டினாள். நீவ் கடிவாளத்தைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். சற்று நின்றுவிட்டு மோயா தன் காருக்குப் போனாள்.

சாலையில் கொஞ்ச தூரத்திலேயே ஃபெர்கல் நடந்துகொண்டிருந்தார். இரு பக்கமும் முட்செடி வேலியின் பூக்கள் நனைந்து தொங்கின. டாரா வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியை இறக்கினான். "அப்பா, ஏறுங்க."

அவர் திரும்பாமலே, போ என்று கையை வீசினார்.

"ஏறுங்கப்பா, நனையறீங்க."

"குதிரையை நிக்க வைக்காதேடா. வலியில இருக்கா. போ."

டாரா போனான். நீவ் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவின் சின்னக் கார் பின்னால் வந்து, அவர் பக்கத்தில் ஊர்ந்து, நின்றது. அவர் நின்றார். ஜன்னல் பக்கம் குனிந்தார். யார் பேசினார்கள், யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. சாலை வளைந்தது. வேலி மறைத்துக்கொண்டது.

"கோபமாடா என் மேல?" என்று கேட்டாள்.

"உன் மேலயா?" டாரா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டாம் சுத்துக்கு முன்னால அந்தக் காலைத் தொட்டுப் பாத்துட்டு, உன் முடிவுன்னு சொல்லி உன்னை அனுப்பினேன் பாரு... என் மேலதான்." கொஞ்சம் பொறுத்து, "அபர்டீனைப் பத்தி எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் நீ" என்றான்.

"நீ கேக்கல."



*

ஜூன் மாதத்து வெளிச்சம் சாப்பாட்டு நேரம் தாண்டியும் முற்றத்தில் தங்கியிருந்தது. டாரா மாடுகளைப் பார்க்க மேட்டுக்குப் போய்விட்டான். சமையலறை மேஜையில் அவன் போட்டு வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

நீவ் கொட்டில் வாசலில் பக்கெட்டைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, பிராம்பிளின் இடது காலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் மரத்துவிட்டன. குதிரையின் முடி பின்னல் அவிழ்ந்த சுருளோடு நெற்றியில் தொங்கியது. பிராம்பிள் தலையைத் தாழ்த்தி அரைத்தூக்கத்தில் நின்றாள். அடிபட்ட காலைத் தரையில் நுனி மட்டும் பட வைத்திருந்தாள்.

"மன்னிச்சுடு" என்றாள் நீவ். பிராம்பிள் ஒரு காதை மட்டும் திருப்பினாள்.

சந்தின் முனையில் கார் சத்தம் கேட்டது.

நீவ் எழுந்திருக்கவில்லை. சத்தம் நெருங்கி, கொட்டிலின் மறுபக்கம் வந்து அடங்கியது. என்ஜின் நின்றதா, ஓடிக்கொண்டிருக்கிறதா என்று தண்ணீர்ச் சத்தத்தில் தெரியவில்லை. ரப்பர் குழாயைத் தரையில் போட்டுக் காலால் மிதித்தாள். தண்ணீர் நின்றது.

ஒரு கதவு மூடியது.

சரளையில் ஓர் அடி விழுந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

'யாரு?' என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. குதிரையின் ஈரமான காலில் கையை வைத்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, இருவரும் வந்திருந்தால் கேட்கவேண்டிய இரண்டாவது கதவு மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.